கண்ணாடி அறையும் குளிர்காலக் காய்கறிப் பயிரும்

பயிர் வளர்வதற்கு நிலம், நீர், எரு, ஒளி, உஷ்ணம் என்னும் ஐந்தும் வேண்டும். இவற்றுள் முதல் மூன்றையும் குடியானவன் தன் முயற்சியால் தேடிக்கொள்ளக்கூடும். ஒளியும் உஷ்ணமும் பருவத்தைப் பொறுத்தவை. சமவெளிகளில் உஷ்ணத்துக்குக் குறைவில்லாமையால் இதைப்பற்றி எவரும் அதிகமாக யோசிப்பதில்லை. உயர்ந்த மலைப் பிரதேசங்களிலோ, பகலில் வெயில் நன்றாகக் காய்ந்தும், இரவில் உஷ்ணம் நில்லாமையால், ஆண்டில் பாதிக்கு மேற்பட்ட காலம் நிலம் வெறுமனே கிடக்கின்றது. பகல் வெயிலைக் கண்ணாடியின் வழியே உள்ளே விட்டு, அதன் சூட்டைச் சுவரிலும் மண்ணிலும் சேமித்து, இரவில் பயிருக்கு உதவச் செய்யும் முறை ஒன்று உண்டு. இதற்கு விறகோ, நிலக்கரியோ, மின்சாரமோ வேண்டியதில்லை. இந்தியாவில் இம்முறை நன்கு அநுபவத்துக்கு வந்துள்ள லடாக்கை உதாரணமாகக் கொண்டு, அதன் தத்துவமும் செய்முறையும் அடியில் விளக்கப்படுகின்றன.

பழைய வழக்கங்கள்

இக்கருத்து புதியதன்று. ரோமாபுரியைக் கி.பி. 14 முதல் 37 வரையில் ஆண்ட திபேரியஸ் சக்கரவர்த்தியின் உணவுக்கு வெள்ளரி இல்லாத நாளே இல்லையென்றும், அதற்காகச் சக்கரம் பூட்டிய பாத்திகளில் கொடியை வளர்த்து வெயிலில் நகர்த்தி வந்தார்களென்றும், குளிர் நாட்களில் ஒளி ஊடுருவும் கல் தகடுகளால் அதை மூடினார்களென்றும் பிளினி என்பவர் எழுதிவைத்திருக்கிறார். 19-ஆம் நூற்றாண்டில் பாரிஸ் நகரத்தைச் சுற்றியிருந்த தோட்டக்காரர்கள், குதிரைச் சாணம் மக்கும்போது உண்டாகும் சூட்டின்மேல் பாத்தியிட்டு, மணி போன்ற கண்ணாடி மூடிகளால் செடிகளைக் கவிழ்த்து, குளிர்காலத்திலும் கீரை வகைகளைச் சந்தைக்கு அனுப்பினார்கள். வடசீனத்தில் இன்று, வடபுறம் தடித்த மண்சுவரும் தென்புறம் பாலிதீன் தாளும் உடைய கட்டடங்களில், மாலையில் வைக்கோற் பாயை விரித்தும் காலையில் சுருட்டியும், மிகப் பெரிய அளவில் காய்கறி விளைவிக்கின்றார்கள். இடமும் பொருளும் வேறாயினும், வெயிலை உள்ளே விடுதல், சூட்டை வெளியே விடாமை என்னும் இரண்டுமே எல்லாவற்றுக்கும் அடிப்படை.

லடாக்கின் சீதோஷ்ண நிலை

லடாக்கின் தலைநகராகிய லே, கடல் மட்டத்துக்கு மேல் ஏறக்குறைய 3,500 மீட்டர், அதாவது சுமார் 11,500 அடி, உயரத்தில் உள்ளது. ஆண்டு மழையும் பனியும் சேர்ந்து சுமார் 4 அங்குலத்துக்கு மேற்படுவதில்லை. பனி உருகி வரும் நீரை வாய்க்கால்களில் திருப்பி, பார்லி, கோதுமை, பட்டாணி முதலியவற்றைப் பயிரிடுகின்றார்கள். திறந்த வெளியில் பயிர் செய்யத் தகுந்த காலம் மே மாதம் முதல் செப்டம்பர் வரையில்தான். குளிர்கால இரவுகளில் உஷ்ணம் சென்டிகிரேட் அளவில் பூஜ்யத்துக்குக் கீழே 20 டிகிரிக்கும் இறங்குவதுண்டு. கணவாய்கள் பனியால் மூடப்படும் நாட்களில் லாரிப் போக்குவரத்து தடைப்படும். அப்பொழுது விமானத்தின் வழியாக வரும் காய்கறிகளின் விலை ஏழைக் குடும்பங்களுக்கு எட்டுவதில்லை. முற்காலத்தில், குழிகளில் புதைத்துவைத்த உருளைக்கிழங்கு, டர்னிப் முதலிய கிழங்கு வகைகளையும், உலர்த்திய கீரையையும் கொண்டே அம்மக்கள் குளிர்காலத்தைக் கழித்தார்கள். பச்சிலை உணவு பல மாதங்கள் கிடைக்காமை குழந்தைகளின் உடல்நலத்தையும் கருவுற்ற பெண்களின் உடல்நலத்தையும் பாதிக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

ஆனால், அந்நாட்டுக்கு இயற்கை ஒரு பெரும் நன்மையையும் அளித்துள்ளது. மேகம் குறைவாதலால், ஆண்டில் 300 நாட்களுக்கு மேல் அங்கே வெயில் காய்கின்றது. விறகு அருமையாகவும் வெயில் மலிவாகவும் உள்ள அப்பிரதேசத்துக்கு வெயிலைச் சேமிப்பதே தகுந்த வழி என்று கண்டார்கள். லே நகரில் 1962-ஆம் வருஷம் தொடங்கப்பட்ட பாதுகாப்புத் துறையின் ஆராய்ச்சி நிலையம் குளிர்காலக் காய்கறிப் பயிரில் பல சோதனைகளை நடத்தியது. பின்னர், ஜெரெஸ் என்னும் பிரெஞ்சுத் தொண்டு நிறுவனம் உள்ளூர்ச் சங்கங்களோடு சேர்ந்து, மண்சுவர்க் கட்டடங்களைக் கிராமங்கள்தோறும் பரவச் செய்தது. இவ்வேலைக்காக அந்நிறுவனத்தின் இந்தியக் கிளைக்கு 2009-இல் ஆஷ்டன் விருது வழங்கப்பெற்றது.

கண்ணாடி செய்வதும் செய்யாததும்

சூரிய ஒளி கண்ணாடியை எளிதில் ஊடுருவிச் சென்று, உள்ளே இருக்கும் மண்ணையும் சுவரையும் சூடேற்றுகின்றது. சூடேறிய பொருள்கள் வெளிவிடும் வெப்பக் கதிர் வேறு தன்மையுடையது. அது கண்ணாடியை ஊடுருவுவதில்லை. மேலும், சூடான காற்று மேலெழுந்து ஓடிவிடாமல் கண்ணாடி தடுக்கின்றது. ஆகவே, வெளியில் நீர் உறைந்திருக்கும் நாளிலும், நடுப்பகலில் கண்ணாடி அறைக்குள்ளே மேலாடை வேண்டாத அளவுக்குச் சூடு இருக்கும்.

இதைக் கண்டு, கண்ணாடியோ பாலிதீன் தாளோ இருந்தாற் போதும் என்று நினைப்பது தவறு. சூரியன் மறைந்ததும் அந்தக் கண்ணாடியின் வழியாகவே சூடு வேகமாக வெளியேறத் தொடங்குகின்றது. சூட்டை வாங்கி வைத்துக்கொள்ள உள்ளே ஒன்றும் இல்லையாயின், விடியற்காலையில் உள்ளும் புறமும் ஏறக்குறைய ஒரே குளிராகிவிடும். நடுப்பகலில் செழித்து நின்ற செடி மறுநாட் காலையில் கருகிக் கிடப்பதற்குக் காரணம் இதுவே. வெறும் தாளால் மூடிய கொட்டகைகள் குளிர்காலத்தின் முன்னும் பின்னும் சில வாரங்களுக்கு உதவுமேயன்றி, கடுங்குளிரைத் தாங்கமாட்டா. குளிர்காலப் பயிரைக் காப்பது சுவரும், மாலை மூடுபாயுமே. கண்ணாடி அவற்றுக்கு வாயில் மாத்திரம்.

கட்டடத்தின் அமைப்பு

லடாக்கில் கையாளும் கட்டடம் கிழக்கு மேற்காக நீண்டது. கிழக்கு, மேற்கு, வடக்கு ஆகிய மூன்று பக்கங்களிலும் சுடாத மண்கல்லால் சுவர் எழுப்பப்படும். இச்சுவர் இரட்டைச் சுவர். உட்சுவருக்கும் வெளிச்சுவருக்கும் நடுவே சுமார் 4 அங்குல இடைவெளி விட்டு, அதில் வைக்கோல், மரத்தூள், காய்ந்த புல் ஆகியவற்றுள் கிடைப்பதைத் திணிக்கின்றார்கள். உட்சுவர் பகலில் சூட்டை ஏற்று இரவில் கொடுக்கும். நடுவிலுள்ள வைக்கோல் அந்தச் சூடு வெளிப்புறம் போகாமல் தடுக்கும். வெளிச்சுவர் கூரையின் பாரத்தைத் தாங்கும். வைக்கோல் நனைந்தால் பயனற்றுப்போகும். ஆகையால் அடியில் கல் வரிசை இட்டே சுவரை எழுப்ப வேண்டும்.

தென்புறம் முழுவதும் கண்ணாடி அல்லது பாலிதீன் தாள். சாதாரணத் தாள் வெயிலில் விரைவில் நைந்து கிழியும். வெயிலைத் தாங்குமாறு மருந்து சேர்த்துச் செய்த தாள் சில ஆண்டுகள் உழைக்கும். கூரையின் வடபகுதியை நெட்டிலிங்க இனத்தைச் சேர்ந்த உள்ளூர் மரத்தின் கட்டைகளாலும், அலரிமரக் குச்சிகளாலும், அவற்றின்மேல் புல்லும் மண்ணும் பரப்பியும் மூடுகின்றார்கள்.

தென்புறத் தாளின் சரிவு முக்கியமானது. லே நகரில் டிசம்பர் 21-ஆம் தேதியை ஒட்டிய நாட்களில், நடுப்பகலிலும் சூரியன் தொடுவானத்துக்கு மேல் சுமார் 32 டிகிரி உயரத்திலேயே நிற்கும். ஜூன் மாதத்தில் அது 79 டிகிரி வரை ஏறும். ஆகவே, நிலத்தோடு 50 டிகிரிக்கு மேற்பட்ட செங்குத்தான சரிவு குளிர்கால வெயிலை நேராக ஏற்கும். பனியும் அதன்மேல் தங்காமல் வழுக்கி விழுந்துவிடும்.

உட்சுவர்களுக்குப் பூசும் நிறத்திலும் கருத்துச் செலுத்துகின்றார்கள். மேற்குச் சுவரின்மேல் காலை வெயில் படும். இரவின் குளிரால் விறைத்த செடிகளுக்கு உடனே ஒளியும் சூடும் வேண்டுமாகையால், அச்சுவருக்கு வெள்ளை பூசி, வெயிலைப் பாத்தியின்மேல் திருப்புகின்றார்கள். கிழக்குச் சுவரின்மேல் மாலை வெயில் படும். அதை இரவுக்காகச் சேமிக்க வேண்டுமாகையால், அச்சுவருக்குக் கறுப்புப் பூசப்படும். வடசுவரில், செடிகளுக்குப் பின்னுள்ள அடிப்பகுதி வெள்ளை, மேற்பகுதி கறுப்பு.

காற்றுப் போக்குக்காகப் பக்கச் சுவரில் தாழ்வாக ஒரு கதவும், கூரையில் உயரமாக ஒரு திறப்பும் அவசியம். இரண்டையும் திறந்தால், குளிர்ந்த காற்று கீழே நுழைந்து, சூடான காற்று மேலே வெளியேறும். இத்திறப்பு இல்லாத கட்டடத்தில், குளிரால் அழியாத செடி சூட்டால் அழியும்.

கட்டடத்துக்குப் பொருள் இல்லாதவர்கள், சுமார் 3 அடி ஆழமுள்ள குழியைத் தோண்டி, அதன் மேல் கழிகளிட்டுப் பாலிதீன் தாளால் மூடிப் பயிர் செய்வதுண்டு. குழியின் நான்கு பக்கத்து மண்ணே சுவராக உதவுவதால், இதற்குச் செலவு மிகக் குறைவு; காற்றாலும் சேதம் இல்லை.

வீட்டோடு சேர்ந்த கண்ணாடி அறை

லடாக்கில் பல வீடுகளில் தென்புறமாக ஒரு கண்ணாடி அறை உண்டு. அதனை அம்மொழியில் ‘ஷெல்கங்’ என்பர். குளிர்காலப் பகலில் குடும்பத்தார் அதில் அமர்ந்து வெயில் காய்வர். இத்தகைய அறையைப் பயிருக்கும் பயன்படுத்தினால் இரட்டை இலாபம் உண்டு. பகலில் அறையில் மிகும் சூட்டை, கதவைத் திறந்து வீட்டுக்குள் விடலாம். வீட்டின் தென்சுவரே சூட்டைச் சேமிக்கும் சுவராகவும் ஆகின்றது. மேலும், வீட்டோடு ஒட்டிய பாத்தியைக் கவனிக்கக் குளிரில் வெளியே போக வேண்டியதில்லை.

இவ்வறையின் அகலத்தை மனம்போல வைக்கக்கூடாது. சூரியன் 32 டிகிரி உயரத்தில் நிற்கும்போது, 7 அடி உயரமுள்ள கண்ணாடியின் மேல் விளிம்பு வழியாக வரும் கதிர், தரையில் சுமார் 11 அடி தூரம் வரை எட்டும். அதற்கு அப்பால் தரையில் நேர் வெயில் விழாது. பின்சுவரிலும் வெயில் படவேண்டுமாகையால், அறையின் அகலம் கண்ணாடியின் உயரத்துக்கு மேற்படாமல் இருத்தல் நலம்.

குறைகளும் சில உண்டு. செடிகளிலிருந்தும் மண்ணிலிருந்தும் எழும் ஈரம் வீட்டுக்குள் புகுந்து, குளிர்ந்த சுவரிலும் உத்தரத்திலும் நீராகப் படியும். நாளடைவில் பூஞ்சணம் பிடித்து மரம் உளுக்கும். ஆகையால் மண் ஈரமாயிருக்கும் வேளையில் உட்கதவை மூடி, வெளித் திறப்பால் ஈரக் காற்றைப் போக்க வேண்டும். வீட்டோடு சேர்ந்த அறையில் பூச்சிக்கொல்லி மருந்து தெளித்தல் எக்காரணத்தாலும் கூடாது.

பயிர் முறை

குளிர்காலத்தில் உஷ்ணம் மாத்திரமன்று, பகற்பொழுதும் குறைகின்றது. லே நகரில் டிசம்பர் கடைசியில் பகல் 10 மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. அவ்வளவு குறுகிய பகலில், உஷ்ணம் இருந்தாலும், செடிகள் மிக மெதுவாகவே வளரும். ஆகவே டிசம்பரில் விதைத்து ஜனவரியில் பறிக்கலாம் என்று எண்ணுபவர் ஏமாறுவர். செப்டம்பரில், அல்லது அக்டோபர் முதற்பகுதிக்குள், விதைத்து, குளிர் முற்றுவதற்குள் செடி நன்றாக இலை விட்டிருக்கச் செய்ய வேண்டும். அப்படி வளர்ந்த செடியை நடுக்குளிர்காலம் முழுவதும் பாத்தியிலேயே நிறுத்திவைத்து, வேண்டும்போது வெளியிலைகளை மட்டும் கிள்ளிக்கொள்ளலாம். வேரோடு பிடுங்கினால் அந்த இடம் பிப்ரவரி வரையில் வெறுமையாகவே இருக்கும்.

குளிர்காலத்துக்கு உரியவை பாலக்கீரை, கடுகுக்கீரை, வெந்தயக்கீரை, கொத்தமல்லி, லெட்டூஸ், முள்ளங்கி ஆகியவை. இவற்றுள் பாலக்கீரை போன்றவை சிறிது உறைபனியையும் தாங்கும். தக்காளி, வெள்ளரி, கத்தரி, அவரை ஆகியவை தாங்கா; 10 டிகிரிக்குக் கீழே அவற்றின் வளர்ச்சி தடைப்படும், உறைபனி பட்டால் மடிந்துவிடும். இவற்றைக் குளிர்காலத்தில் முயலுவது வீண் செலவு.

பிப்ரவரிக் கடைசியிலிருந்து பகல் நீளுகின்றது. அப்பொழுது கீரையின் ஒரு பகுதியை எடுத்துவிட்டு, முட்டைக்கோசு, பூக்கோசு, தக்காளி முதலியவற்றின் நாற்றுகளை விடவேண்டும். வெளியில் மண் இளகுவதற்குள் நாற்று ஆயத்தமாகிவிடுவதால், குறுகிய கோடைப் பருவத்தில் பல வாரங்கள் மிச்சமாகின்றன. நாற்று விற்பனையும் ஒரு வருமானமே. கோடையில் அறையைச் சும்மா விடாமல், வெளியில் சரியாகப் பழுக்காத தக்காளி, வெள்ளரி, குடைமிளகாய் ஆகியவற்றை அதில் வளர்க்கலாம். இவ்வாறு ஒரே இடம் மூன்று போகம் தருகின்றது.

அன்றாடக் கவனிப்பு

கண்ணாடி அறை வயலைப் போன்றதன்று. கறவை மாட்டைப் போன்றது. ஒரு நாளும் கவனியாமல் விடக்கூடாது.

காலையில் வெயில் கண்ணாடியின்மேல் விழுந்த பின்னரே மூடுபாயை எடுக்க வேண்டும். நடுப்பகலில் உள்ளே 30 டிகிரிக்கு மேல் சூடு ஏறுமானால், மேல் திறப்பைத் திறக்க வேண்டும். பிற்பகலில், சூரியன் மறைவதற்கு முன்பே திறப்புகளை மூடி, சேர்த்த சூட்டை அடைத்துவிட வேண்டும். சூரியன் மறைந்த உடனே தாளின்மேலோ, தாளுக்கு உட்புறமோ, வைக்கோற் பாயையோ கனத்த துணிப் படுதாவையோ விரிக்க வேண்டும். தாமதித்தால் பகல் முழுவதும் சேர்த்த சூட்டில் ஒரு பகுதி வீணாகப் போய்விடும். வீட்டில் இவ்வேலைக்கு இன்னார் பொறுப்பு என்று குறித்துவிடுவது அவசியம். எல்லாருடைய வேலையாக விடப்படுவது எவராலும் செய்யப்படுவதில்லை.

நீரைக் காலையில் மட்டும், குறைவாக, வேரடியில் ஊற்ற வேண்டும். வாய்க்கால் நீர் உறைநிலையில் இருப்பதால், அதை முதல்நாளே அறைக்குள் குடங்களில் வைத்திருந்து, குளிர் தணிந்த பின் ஊற்றுவது நலம். கறுப்புப் பூசிய நீர்த் தகரங்களைப் பின்சுவரோரம் வைப்பதும் உண்டு. ஒரே கன அளவுள்ள மண்சுவரைக் காட்டிலும் நீர் இரண்டு மடங்குக்கு மேற்பட்ட சூட்டைக் கொள்ளும். நீர் உறையும்போது விரிந்து தகரத்தைப் பிளக்குமாகையால், வாய் வரை நிரப்பலாகாது.

மூடிய அறையில் ஈரம் மிகுவதால், நாற்றழுகலும் சாம்பல் நோயும் உண்டாகும். வெயில் ஏறியதும் அசுவினிப் பூச்சி பெருகும். நாற்றை நெருக்கமாக விடாமை, பழுத்த இலைகளை அகற்றுதல், நடுப்பகலில் சிறிது நேரமேனும் காற்றோட்டம் விடுதல், அசுவினி கண்ட இலைகளைக் கிள்ளி எரித்தல் ஆகியவை போதிய தடுப்பாகும். நன்றாக மக்கிய எருவையே இட வேண்டும்.

தமிழ்நாட்டு மலைப் பிரதேசங்களுக்கு எவ்வளவு பொருந்தும்?

தமிழ்நாட்டுச் சமவெளிகளுக்குக் கண்ணாடி அறை வேண்டுவதன்று. அங்கே பயிருக்கு வேண்டியது நிழல். ஆனால் நீலகிரியின் உயர்ந்த பகுதிகளிலும் கொடைக்கானலிலும், நவம்பர் முதல் பிப்ரவரி வரையில், மேகமில்லாத இரவுகளில் உறைபனி விழுந்து காய்கறித் தோட்டங்களைக் கருக்குவது அடிக்கடி நேரும் நஷ்டம். அங்குள்ள தோட்டக்காரர்கள் லடாக்கின் முறையில் எதைக் கொள்ளலாம், எதைத் தள்ளலாம் என்று ஆராய்தல் தகும்.

முதலாவது, அளவுகளை அப்படியே எடுத்துக்கொள்ளலாகாது. உதகமண்டலத்தில் டிசம்பர் மாத நடுப்பகலில் சூரியன் சுமார் 55 டிகிரி உயரத்தில் நிற்கும். லடாக்கில் 7 அடிக் கண்ணாடி வழியே 11 அடி எட்டும் வெயில், இங்கே சுமார் 5 அடிதான் எட்டும். ஆகவே இங்கே செங்குத்தான சுவர்க் கண்ணாடியைக் காட்டிலும், 35 டிகிரியளவு சாய்ந்த மேல்மூடியே ஏற்றது.

இரண்டாவது, இங்கே இரட்டைச் சுவர் கட்டும் செலவு வேண்டியதில்லை. நீலகிரியின் குளிர்காலப் பகல் சுமார் பதினொன்றரை மணி நேரம். ஆகையால் வளர்ச்சி நின்றுபோவதில்லை. தீங்கு செய்வது, தெளிந்த இரவில் நிலத்தின் சூடு வானத்தை நோக்கி வெளியேறுவதால் விடியற்காலையில் விழும் உறைபனியே. அதற்குத் தாழ்ந்த நாற்றுப் பெட்டி போதும். பின்புறம் 18 அங்குலமும் முன்புறம் 6 அங்குலமும் உயரமாக, தெற்கு நோக்கிச் சாயுமாறு, பலகையாலோ மண்கல்லாலோ பெட்டி செய்து, முன்பின் அகலத்தை ஒன்றரை அடியாக வைத்து, மேலே கண்ணாடிச் சட்டமோ பாலிதீன் சட்டமோ பொருத்தலாம். மாலையில் அதன்மேல் பாய் விரிக்க வேண்டும். முட்டைக்கோசு, பூக்கோசு முதலியவற்றின் நாற்றுகளை இதில் காப்பாற்றலாம். பரந்த உருளைக்கிழங்கு வயலுக்கு இம்முறை பயன்படாது.

மூன்றாவது, இடம். குளிர்ந்த காற்று கனமுள்ளதாகையால், இரவில் சரிவிலிருந்து இறங்கிப் பள்ளத்தாக்கில் தேங்கும். உறைபனி முதலில் விழுவதும் மிகுதியாக விழுவதும் அங்கேதான். நாற்றுப் பெட்டியை நீருக்கு அருகில் இருக்கிறதென்று பள்ளத்தில் வைப்பதைவிட, சரிவின் நடுவில் வைத்து நீரைச் சுமப்பதே இலாபம்.

கிராம அதிகாரிகள் கவனிக்க வேண்டியவை

உதவித் தொகையைக் கொண்டு இத்தகைய கட்டடம் எழுப்ப விரும்புவோர்க்கு இடம் பார்த்துச் சொல்லும் பொறுப்பு சில வேளை கிராம அதிகாரிகளைச் சாரும். கோடையில் வெயிலாகத் தோன்றும் இடம், சூரியன் தெற்கே சாயும் டிசம்பரில் மலையின் நிழலிலோ மரத்தின் நிழலிலோ விழக்கூடும். டிசம்பர் மாதத்தில் ஒரு நாள் காலை முதல் மாலை வரையில் நிழலைக் கவனித்த பின்பே இடத்தைத் தீர்மானிப்பது நல்லது. தென்புறத்து மனையில் பிற்காலத்தில் வீடு எழும்புமா என்பதையும் விசாரிக்க வேண்டும். அன்றியும், கட்டடத்தைப் பார்வையிடும்போது கண்ணாடியை மாத்திரம் பாராமல், சுவர், மேல்திறப்பு, மூடுபாய் ஆகிய மூன்றும் உள்ளனவா என்று பார்த்தல் அவசியம்.

சுருக்கம்

1. நீண்ட பக்கம் தெற்கு நோக்கியிருக்க வேண்டும்; டிசம்பர் மாத நிழல் படாத இடமாக இருக்க வேண்டும்.

2. சூட்டைச் சேமிக்கச் சுவரும், அதைக் காக்க மூடுபாயும் இல்லாத கண்ணாடி கடுங்குளிரில் பயன் தராது.

3. குளிர்காலக் கீரையைச் செப்டம்பரிலேயே, தவறினால் அக்டோபர் முதற்பகுதிக்குள், விதைக்க வேண்டும். இலையைக் கிள்ள வேண்டும், செடியைப் பிடுங்கலாகாது.

4. திறப்பதும் மூடுவதும் நாள்தோறும் வேளை தவறாமல் நடக்க வேண்டும்.

5. சரிவும் அகலமும் அந்தந்த ஊரில் சூரியன் நிற்கும் உயரத்துக்குத் தக்கபடி அமைய வேண்டும். ஓர் ஊரின் அளவு மற்றோர் ஊருக்கு ஆகாது.

முதல் ஆண்டில் சிறிய அளவில் ஒரு பெட்டியோ குழியோ அமைத்து, உள்ளும் புறமும் விடியற்கால உஷ்ணத்தை ஓர் உஷ்ணமானியால் அளந்து குறித்துவைத்து, இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கண்ட பின் பெரிய கட்டடத்துக்குப் பணம் செலவிடுவது விவேகமாகும்.